வாஸ்கோட காமா: கண்டுபிடித்தவரா, வந்து சேர்ந்தவரா?

சென்ற வருடம் ஒரு நாள் மஃரிபுக்குப் பிந்திய மக்தப் வகுப்பு முடிந்து பிள்ளைகள் கலைந்து செல்லும் வேளையில், மாணவன் ஒருவன் தன் பள்ளிப் பாடநூலை ஏந்தியவாறு நம்மிடம் வந்து நின்றான். இந்தியாவைக் கண்டுபிடித்தவர் வாஸ்கோட காமா என்று அவன் மனனம் செய்திருந்தான். அவர் வருவதற்கு முன்பே இங்கே மக்கள் வாழ்ந்து கொண்டிருந்தார்களே, அப்படியானால் அவர் கண்டுபிடித்தது எதை என்பது அவனுடைய ஐயம். நூலை வாங்கிப் பார்த்தோம். கடல்வழியைக் கண்டுபிடித்தார் என்றுதான் அதில் அச்சிடப்பட்டிருந்தது. பிள்ளைகளின் நாவில் கடல்வழி உதிர்ந்துபோய் இந்தியா மட்டும் எஞ்சியிருக்கிறது. அன்று இஷாவுக்கு நேரமாகிவிட்டபடியால் பாதிப் பதிலைச் சொல்லி அனுப்பினோம். மீதிப் பதிலை இம்மலரின் வாயிலாக அவனுக்கும் அவனைப் போன்ற பிள்ளைகளின் பெற்றோருக்கும் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். அத்துடன், நாமே ஒரு காலத்தில் மிம்பரில் நின்று சொன்ன ஒரு செய்தியைத் திருத்திக் கொள்ள வேண்டிய பொறுப்பும் நமக்கு இருக்கிறது. அது இடையில் வரும்.

போர்ச்சுகல் நாட்டின் தென்மேற்குக் கரையில் உள்ள சினிஷ் என்னும் சிறு துறைமுக ஊரில், 1460க்கும் 1469க்கும் இடைப்பட்ட காலத்தில் வாஸ்கோட காமா பிறந்தார். தந்தையார் அரச ஊழியத்தில் இருந்த வீரர். அந்நாட்டின் தென்கோடி மாநிலத்துக்கு அல்கார்வ் என்று பெயர். மேற்கு எனப் பொருள்படும் அல்-கர்ப் என்ற அரபுச் சொல்லே அது. முஸ்லிம்கள் ஆண்ட அந்தலூஸின் மேற்குப் பகுதி அது. 1249இல் அங்கிருந்து முஸ்லிம் ஆட்சி அகன்றது; பெயர் மட்டும் அகலவில்லை. 1415இல் போர்ச்சுக்கீசியர் நீரிணையைக் கடந்து மொராக்கோவின் சப்தா நகரைப் பிடித்தனர். அதன் பின்னர் ஆப்பிரிக்கக் கரையோரமாகச் சிறுகச் சிறுகத் தெற்கே இறங்கினர். சென்ற இடமெல்லாம் அரச முத்திரையும் சிலுவையும் பொறித்த கல்தூண்களை நட்டு, முனைகளுக்கும் ஆறுகளுக்கும் தங்கள் புனிதர்களின் பெயர்களைச் சூட்டி, வரைபடத்தில் குறித்துக் கொண்டே போயினர். அவ்விடங்களில் வாழ்ந்த மக்கள் அவற்றை என்ன பெயரிட்டு அழைத்தனர் என்று பெரும்பாலும் எவரும் கேட்கவில்லை.

1488இல் பர்த்தலோமியோ தியாஸ் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றித் திரும்பினார். அவர் அதற்குப் புயல்முனை என்று பெயரிட்டதாகவும், இந்தியாவுக்கு வழி திறக்கும் என்ற எதிர்பார்ப்பில் மன்னர் அதனை நன்னம்பிக்கை முனை என்று மாற்றியதாகவும் பிற்கால வரலாற்றாசிரியர்கள் எழுதினர். 1492இல் கர்னாதா வீழ்ந்தது. அதே ஆண்டு கொலம்பஸ் மேற்கே சென்றார். 1494இல் டார்டெசில்லாஸ் என்னும் ஊரில் ஸ்பெயினும் போர்ச்சுகலும் ஓர் உடன்படிக்கை செய்து கொண்டன. அட்லாண்டிக் பெருங்கடலில் வடக்குத் தெற்காக ஒரு கோடு கற்பனை செய்யப்பட்டது. கோட்டுக்கு மேற்கே இனிக் கண்டறியப்படுபவை ஸ்பெயினுக்கு, கிழக்கே கண்டறியப்படுபவை போர்ச்சுகலுக்கு. பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதும்போது சொத்துக்காரரையும் அழைக்க வேண்டும் என்பது நம் ஊர்ப் பத்திர எழுத்தருக்கும் தெரிந்த சட்டம்!

1497 ஜூலை 8ஆம் நாள், மன்னர் மனுவேலின் கட்டளைப்படி, நான்கு கப்பல்களுடன் வாஸ்கோட காமா லிஸ்பனிலிருந்து புறப்பட்டார். உடன் சென்றோர் சுமார் 170 பேர் என்பர். சான் கப்ரியேல் கப்பலில் அவர். சான் ரஃபேல் கப்பலில் அண்ணன் பவுலோ. கரையோரமாகவே செல்லும் வழக்கத்தை விட்டு, காற்றின் போக்கை அறிந்து அட்லாண்டிக்கின் நடுவே பெரிய வளைவாகச் சென்றனர். ஏறத்தாழ மூன்று மாதம் நிலத்தைக் காணாமல் கடலில் கிடந்தனர். கொலம்பஸ் கண்காணா நீரில் சென்ற நாட்களைப் போல் இரண்டு மடங்குக்கும் அதிகம். இந்த மனிதரின் துணிவையும் கட்டுப்பாட்டையும் மறைத்து எழுதுவது நமக்கு அழகன்று. மறுமையில் நம் எழுத்துக்கும் கணக்கு உண்டு.

நவம்பரில் முனையைச் சுற்றினர். இன்றைய தென்னாப்பிரிக்காவின் மாசல் விரிகுடாவில் சில நாட்கள் தங்கி, கல்தூண் ஒன்றையும் மரச்சிலுவை ஒன்றையும் நட்டனர். பாய் விரித்துப் புறப்படும் தறுவாயில், கரையில் நின்ற பத்துப் பன்னிரண்டு ஆப்பிரிக்கர்கள் அவ்விரண்டையும் இடித்துத் தள்ளிக் கொண்டிருந்ததைக் கப்பலில் இருந்தவர்கள் கண்டனர். அப்பயணத்தில் சென்ற ஒருவரே இதனைத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அம்மக்களின் மொழியில் ஏடு ஏதும் நம்மிடம் இல்லை. ஆயினும் அவர்கள் சொல்ல வந்ததை விளங்கிக் கொள்ள மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை.

டிசம்பர் 25 அன்று கண்ட கரைக்கு நேட்டால் என்று பெயர் வந்தது. ஈஸா நபி அலைஹிஸ்ஸலாம் அவர்களின் பிறந்த நாளென்று அவர்கள் கொண்டாடும் தினத்துக்கு அவர்கள் மொழியில் அதுவே பெயர். தேதியைப் பார்த்து ஊருக்குப் பெயர் வைத்தாயிற்று! 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்னைத் துறைமுகத்திலிருந்து தமிழர்கள் கப்பலேற்றப்பட்டது இந்த நேட்டாலுக்குத்தான். 1994இல் அம்மாநிலத்தின் பெயருக்கு முன்னால் குவாசூலு, அதாவது சூலு மக்களின் நாடு என்ற சொல்லும் சேர்ந்து கொண்டது. ஐந்து நூற்றாண்டு கழித்து வீட்டுக்காரரின் பெயரும் வாசலில் ஏறிவிட்டது.

மேலே செல்லச் செல்ல, நல்ல மக்களின் நாடு, நல்ல அறிகுறிகளின் ஆறு என்று பெயர்கள் தொடர்ந்தன. அந்த ஆற்றங்கரையில்தான் ஈறுகள் வீங்கிப் பற்களை மூடும் ஸ்கர்வி நோய் அவர்களைத் தாக்கியது. பழங்களும் காய்கறிகளும் இன்றி மாதக்கணக்கில் கடலில் வாழ்பவர்களை வாட்டும் நோய் அது. நல்ல அறிகுறி என்று பெயரிட்ட காரணம் வேறு. அங்கே ஓரளவு அரபு புரிந்த மனிதர்களைக் கண்டனர். வணிக உலகம் அருகில் இருக்கிறது என்று தெளிந்தனர். ஆம், அதற்கு வடக்கே புதிய உலகம் எதுவும் இல்லை. மொசாம்பிக், மொம்பாசா, மலிந்தி ஆகிய துறைமுகங்கள் முஸ்லிம் ஆட்சியாளர்களின் கீழ் அரேபியாவோடும் குஜராத்தோடும் பல நூற்றாண்டுகளாக வாணிபம் செய்து வந்தன. மொசாம்பிக்கில் இவர்களை முதலில் முஸ்லிம்கள் என்றே எண்ணி வரவேற்றனர். உண்மை வெளிப்பட்டதும் பகை மூண்டது; இவர்கள் பீரங்கியால் சுட்டுவிட்டு வடக்கே நகர்ந்தனர். மொம்பாசாவோடு பகை கொண்டிருந்த மலிந்தி சுல்தான் மட்டும் நட்புப் பாராட்டி, இந்தியாவுக்கு வழிகாட்ட ஒரு மாலுமியைக் கொடுத்தனுப்பினார்.

இங்கேதான் நாம் திருத்திக் கொள்ள வேண்டிய செய்தி வருகிறது. பல ஆண்டுகளுக்கு முன், ஒரு மீலாது மேடையிலும் பிறகு ஜுமுஆ பயானிலும், வாஸ்கோட காமாவுக்கு வழிகாட்டியவர் அஹ்மத் இப்னு மாஜித் என்ற அரபுக் கடலறிஞரே என்று பெருமிதத்தோடு நாம் பேசினோம். தமிழில் வந்த பல இஸ்லாமிய இதழ்களிலும் அவ்வாறே படித்திருந்தோம். இப்னு மாஜித் கற்பனை மனிதர் அல்லர். இன்றைய ஐக்கிய அரபு அமீரகத்தின் ராஸ் அல்கைமாப் பகுதியில் இருந்த ஜுல்ஃபாரில் பிறந்தவர். நட்சத்திரங்களையும் பருவக் காற்றுகளையும் துறைமுகங்களையும் பற்றிப் பெரும் நூல்கள் இயற்றியவர். ஆனால் ஒரு செய்தியின் அறிவிப்பாளர் தொடரைத் தேடிப் பார்ப்பது மதரஸாவில் நமக்குக் கற்றுத் தரப்பட்ட முதல் பாடம். அதனை இந்த விஷயத்தில் நாம் செய்யாமல் விட்டோம். பின்னர் தேடிப் பார்த்தபோது, உடன் சென்றவரின் நாட்குறிப்பில் அந்த மாலுமியின் பெயரே இல்லை. அவரைக் கிறிஸ்தவர் என்று வேறு அது குறிக்கிறது. பிற்காலப் போர்ச்சுக்கீசிய ஆசிரியர்கள் அவரைக் குஜராத்தைச் சேர்ந்த முஸ்லிம் என்று சொல்லி மாலெமோ கனா என்று அழைக்கின்றனர். இப்னு மாஜித் என்று சொல்பவர் குத்புத்தீன் அந்நஹ்ரவாலி என்ற மக்கத்து அறிஞர். அவர் எழுதியதோ நிகழ்ச்சி நடந்து முக்கால் நூற்றாண்டு கழித்து. அதிலும் அவர் சொல்வது என்ன? மதுவின் மயக்கத்தில் இப்னு மாஜித் வழியைச் சொல்லிவிட்டார் என்று. பெருமைக்காக நாம் பாதிச் செய்தியை எடுத்துக் கொண்டோம். ஒரு முஸ்லிம் அறிஞர் மீது சுமத்தப்பட்ட குடிப்பழி அதன் மறுபாதியில் ஒட்டிக் கொண்டிருந்ததைச் சபையோருக்குச் சொல்லவில்லை. இன்றைய ஆய்வாளர்கள் பெரும்பாலோர் இச்செய்தியை ஏற்பதில்லை. அன்று நம் பேச்சைக் கேட்டவர்கள் இத்திருத்தத்தையும் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட வேண்டுகிறோம்.

மாலெமோ என்பது பெயரன்று. முஅல்லிம் என்ற அரபுச் சொல்லின் திரிபு. அக்காலத்தில் கப்பலை வழிநடத்தும் நிபுணரை முஅல்லிம் என்றே அழைத்தனர். நாம் தமிழில் வழங்கும் மாலுமி என்ற சொல்லும் அதிலிருந்து வந்ததே. பருவம் எனப்பொருள்படும் மவ்ஸிம் என்ற சொல்தான் போர்ச்சுக்கீசியர் வழியாக ஆங்கிலத்துக்குச் சென்று மான்சூன் ஆயிற்று. அந்தப் பருவக்காற்றையும் அந்த முஅல்லிமையும் துணைகொண்டு, ஏப்ரல் 24 அன்று மலிந்தியை விட்டவர்கள் இருபத்து மூன்று நாட்களில் மலபார் கரையைக் கண்டனர். 1498 மே 20 அன்று கோழிக்கோட்டுக்கு அருகே, காப்பாடு கரையோரம் நங்கூரமிட்டனர். கணக்கிட்டுப் பார்த்தால் ஹிஜ்ரி 903ஆம் ஆண்டு ரமழான் மாதத்தின் கடைசி நாட்கள் அவை. பிறை ஓரிரு நாள் முன்பின் இருக்கலாம். கோழிக்கோட்டு முஸ்லிம்கள் பெருநாளுக்கு ஆயத்தமாகிக் கொண்டிருந்த வேளையில்தான் இந்தக் கப்பல்கள் வந்து நின்றிருக்கின்றன.

காமா தாம் முதலில் கரையிறங்கவில்லை. தண்டனை பெற்ற கைதி ஒருவரை அனுப்பினார். ஆபத்தென்றால் அவரோடு போகட்டும் என்ற ஏற்பாடு. அந்தக் கைதியை மக்கள் அழைத்துச் சென்று நிறுத்திய இடத்தில் இருந்தவர்கள் யார் தெரியுமா? வட ஆப்பிரிக்காவின் தூனிஸிலிருந்து வந்து வாணிபம் செய்து கொண்டிருந்த இரண்டு முஸ்லிம்கள்! அவர்கள் ஸ்பானிய மொழியிலேயே பேசி, எந்த ஷைத்தான் உங்களை இங்கே கொண்டுவந்தான் என்ற பொருளில் வினவினர். கிறிஸ்தவர்களையும் நறுமணப் பொருட்களையும் தேடி வந்தோம் என்று விடை கிடைத்தது. கண்டுபிடிக்கப்பட்டதாகச் சொல்லப்படும் நாட்டில், கண்டுபிடித்தவரின் அண்டை நாட்டு மொழியில் வரவேற்புக் கிடைத்திருக்கிறது. அந்த மாணவனுக்கு நாம் சொல்ல நினைத்த மீதிப் பதில் பெரும்பாலும் இந்த ஒரு காட்சியிலேயே அடங்கிவிடுகிறது.

சாமூதிரி மன்னரைக் காணச் செல்லும் வழியில் ஒரு கோயிலைக் கண்டு, மாதா கோயில் என்று எண்ணி அங்கே வணங்கினர். பின்னர் மன்னருக்கென எடுத்து வைத்த காணிக்கைகள் பன்னிரண்டு துணிகள், நான்கு சிவப்புத் தலைமூடிகள், ஆறு தொப்பிகள், நான்கு பவழ மாலைகள், ஆறு கைகழுவும் கிண்ணங்கள், கொஞ்சம் சர்க்கரை, எண்ணெய், தேன் ஆகியவை. மக்காவிலிருந்து வரும் மிக ஏழை வணிகன்கூட இதைவிட அதிகம் தருவான் என்று அதிகாரிகள் சிரித்துவிட்டனர். உலகின் மிளகுச் சந்தைக்கு வந்தவரிடம் விற்கத் தகுந்த சரக்கு இல்லை. ஆகஸ்ட் 29 அன்று, தீர்வையில் சச்சரவிட்டு, உள்ளூர்வாசிகள் சிலரைப் பிடித்து வைத்துக்கொண்டு புறப்பட்டார். போகும் வழியில் கர்நாடகத்தின் மால்பே அருகே ஒரு தீவில் மரியம் அம்மையாரின் பெயரால் தூண் நட்டார். அத்தீவுகள் இன்றும் செயின்ட் மேரி தீவுகள் என்றே அழைக்கப்படுகின்றன.

காற்றை அறியாமல் பருவம் தவறிப் புறப்பட்டதால், இருபத்து மூன்று நாளில் கடந்த கடலைத் திரும்பக் கடக்க மூன்று மாதம் ஆயிற்று. முப்பது பேர் அந்தக் கடலிலேயே மாண்டனர். ஆளில்லாததால் சான் ரஃபேலைத் தீயிட்டு எரித்தனர். நோயுற்ற அண்ணன் பவுலோ அசோர்ஸ் தீவில் இறந்தார். 1499இல் லிஸ்பன் திரும்பியவர்கள் சென்றவர்களில் பாதிக்கும் குறைவு. மன்னர் மனுவேலோ எத்தியோப்பியா, அரேபியா, பாரசீகம், இந்தியா ஆகியவற்றின் வெற்றிக்கும் கடற்பயணத்துக்கும் வாணிபத்துக்கும் அதிபதி என்ற பட்டத்தைச் சூடிக்கொண்டார். அந்நாடுகளில் ஒன்றையேனும் அவர் கண்ணால் கண்டதில்லை.

1500இல் அடுத்து வந்த கப்ரால், வழியில் தென்னமெரிக்கக் கரையைத் தொட்டு அதற்கு மெய்ச்சிலுவை நாடு என்று பெயரிட்டார். ஆனால் வணிகர்களின் வாயில் நிலைத்த பெயர் பிரேசில். செஞ்சாயம் தரும் மரத்தின் பெயர் அது. கேரளத்தில் குடிநீரில் இட்டுக் காய்ச்சும் பதிமுகத்தை ஐரோப்பியர் முன்னரே அப்பெயரால் அறிந்திருந்தனர். சிலுவையை வென்றது சாயக்கட்டை! அதே ஆண்டு டிசம்பரில் கோழிக்கோட்டில் கலவரம் மூண்டு போர்ச்சுக்கீசியப் பண்டகசாலையில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். இதனையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கப்ரால் துறைமுகத்தில் நின்ற முஸ்லிம் கப்பல்களை எரித்து, நகரைப் பீரங்கியால் தாக்கிச் சென்றார்.

பழிதீர்க்கும் பொறுப்பு மீண்டும் காமாவுக்கு வந்தது. 1502இல் சுமார் இருபது கப்பல்களோடு வந்து, கண்ணூருக்கு வடக்கே ஏழிமலைக்கு எதிரே கடலில் காத்திருந்தார். அந்த ஆண்டு ஹஜ், ஹிஜ்ரி 907 துல்ஹஜ்ஜில், ஜூன் மாதத்தில் வந்தது. ஹஜ்ஜை முடித்து, காற்றுக்காகக் காத்திருந்து, ஜித்தாவிலிருந்து கோழிக்கோட்டுக்குத் திரும்பிக் கொண்டிருந்த மீரி என்ற பெருங்கப்பல் செப்டம்பர் இறுதியில் அவர் கையில் சிக்கியது. அதில் ஏறத்தாழ 240 ஆண்களும், அவர்களோடு பெண்களும் குழந்தைகளும் இருந்தனர் என்று அருகிலிருந்த கப்பலில் நின்று கண்ட தொமே லோபெஸ் என்ற போர்ச்சுக்கீசியரே எழுதியுள்ளார். ஜவ்ஹர் அல்ஃபகீ என்று அறியப்படும் செல்வந்தர் ஒருவர் பயணிகளுக்காகப் பேசினார். பெரும் பொருளையும், கப்பல்கள் நிறைய நறுமணச் சரக்கையும் ஈடாகத் தருவதாகச் சொன்னார். காமா இசையவில்லை. பொருட்களையெல்லாம் பறித்தெடுத்தபின், ஆட்களை உள்ளே வைத்துக் கப்பலுக்குத் தீ மூட்டச் சொன்னார். பயணிகள் தீயை அணைத்தனர். தாய்மார்கள் நகைகளைக் கழற்றி நீட்டினர். கைக்குழந்தைகளைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினர். அதனைக் காமா ஒரு சாளரத்தின் வழியே பார்த்துக் கொண்டிருந்தார் என்கிறார் லோபெஸ். வேறு வழியின்றி ஹாஜிகள் கற்களையும் கையில் கிடைத்தவற்றையும் கொண்டு போரிட்டனர். அக்டோபர் 3ஆம் நாள் கப்பல் எரிந்து முடிந்தது. கிறிஸ்தவத் துறவிகளாக வளர்ப்பதற்கென்று எடுத்துக் கொள்ளப்பட்ட சில சிறுவர்களைத் தவிர, ஏறத்தாழ அனைவரும் மாண்டனர். தம் வாழ்நாள் முழுதும் அந்நாளை மறக்க இயலாது என்று எழுதியவரும் அந்த லோபெஸ்தான். அவர் தம் தலைவரின் ஆள். நம் ஆள் அல்லர். ஆகவேதான் அவருடைய சாட்சியத்தை நாம் முதன்மையாகக் கொள்கிறோம்.

அதன்பின் கோழிக்கோட்டுக்குச் சென்று, நகரிலுள்ள முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்ற வேண்டுமென்று சாமூதிரியிடம் கோரினார். தலைமுறைகளாகத் தம் நிழலில் வாழும் மக்களை வெளியேற்ற அந்த இந்து மன்னர் மறுத்துவிட்டார். காமா, கடலில் பிடித்த மீனவர்களையும் பிறரையும் பாய்மரங்களில் தூக்கிலிட்டு, கைகால்களை வெட்டிப் படகில் கரைக்கு அனுப்பி, நகரின் மீது குண்டு பொழிந்தார். வாணிபத்தில் பங்கை இழப்பதே எளிய வழியாக இருந்தும் சாமூதிரி மரபினர் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு எதிர்த்து நின்றனர். அவர்களது கடற்படையை நடத்தியவர்கள் குஞ்ஞாலி மரைக்காயர்கள். அவர்களில் நான்காமவர் 1600இல் கோவாவில் கொல்லப்பட்டார். இந்தக் காலத்தின் செய்திகளை அரபியில் எழுதி வைத்தவர் பொன்னானியின் ஜைனுத்தீன் மக்தூம். துஹ்ஃபத்துல் முஜாஹிதீன் என்பது அந்நூலின் பெயர். அக்குடும்பத்தின் மஅபரி என்ற பட்டம் நமது சோழமண்டலக் கரையின் அரபுப் பெயரான மஅபரிலிருந்து வந்தது.

பிறகு இருபது ஆண்டுகள் காமா தம் நாட்டில் இருந்தார். 1519இல் விதிகைரா என்ற ஊரின் பிரபு ஆக்கப்பட்டார். 1524இல் அரசப் பிரதிநிதியாக மூன்றாம் முறை இந்தியா வந்தார். வரும்போது கடலடியில் நிலம் நடுங்கி, கப்பல்கள் ஆடி, ஆட்கள் அலறியபோது, கடலே நம்மைக் கண்டு நடுங்குகிறது என்று அவர் தேற்றியதாகச் சொல்வர். ஊழல் அதிகாரிகளைத் தண்டிக்கத் தொடங்கிய மூன்றே மாதத்தில் நோயுற்று, அவ்வாண்டு டிசம்பர் 24 அன்று கொச்சியில் காலமானார். நேட்டாலுக்குப் பெயரிட்ட நாளுக்கு முதல் நாள்.

சில வருடங்களுக்கு முன் பொன்னானிக்கு ஜியாரத் சென்று திரும்பும் வழியில், நண்பர்களுடன் கொச்சிக் கோட்டையில் உள்ள பிரான்சிஸ் தேவாலயத்தைப் பார்த்தோம். அவரை அடக்கிய இடத்தில் ஒரு கல் இருக்கிறது. சுற்றிலும் கம்பி வேலி. உடலைப் பின்னாளில் தோண்டியெடுத்துப் போர்ச்சுகலுக்குக் கொண்டு சென்றுவிட்டார்கள். இப்போது லிஸ்பன் நகரின் ஒரு பெரிய மடாலயத்தில் சலவைக்கல் சமாதிக்குள் இருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் கல்லைப் படமெடுத்துக் கொண்டிருந்தனர். மீரியில் சென்ற ஹாஜிகளின் பெயர்களில் ஜவ்ஹர் என்ற ஒன்றைத் தவிர வேறெதுவும் நமக்குத் தெரியாது என்று உடன் வந்தவர்களிடம் சொன்னோம். அசருக்கு நேரமாகிவிட்டிருந்தது, பள்ளிவாசலை விசாரித்துக் கொண்டு வெளியே வந்தோம்.